இரத்த அணுக்களும் ஓர் இலைச் சத்தும்



அரசுப் பள்ளிகளில் பயிலும் மாணவ மாணவியருக்கு வாரத்துக்கு ஒரு நாள் நீல நிற மாத்திரை ஒன்று வழங்கப்படுகிறது. பகலுணவுக்குப் பின் அதை ஒழுங்காக விழுங்குவோர் உண்டு. ஆசிரியர் முகம் திரும்பியதும் சன்னல் வழியே எறிந்துவிடுவோரும் உண்டு. அம்மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. இரும்பு இரத்தத்துக்கு வேண்டியது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அதே மாத்திரையில் இன்னொரு பொருளும் இருக்கிறது. அதன் அளவு 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைப் பல நூறு பங்கு செய்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான். அதன் பெயர் ஃபோலிக் அமிலம். மஞ்சள் நிறமான அந்தப் பொடியின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன். அதில் பம்பாய் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் வருகின்றனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் வருகிறார். பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகளும் வருகின்றனர்.

முதலில் இரத்தத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். உடல் வெளுத்துச் சோர்ந்தவரைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, "உடம்பில் இரத்தமே இல்லையே!" என்பார்கள். சோகை என்றும் பாண்டு என்றும் அந்நோய்க்கு நம்மவர் பெயரிட்டிருக்கின்றனர். உண்மையில் இரத்தம் இல்லாமல் போவதில்லை. இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருள்தான் குறைந்துபோகிறது. ஆண்மகன் ஒருவனது இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டர், அதாவது குண்டூசித் தலையளவு எடுத்தால், அதில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். பெண்டிரிடம் சற்றுக் குறைவு. அதே அளவு இரத்தத்தில் வெள்ளணுக்கள் சில ஆயிரமே. இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் ஒன்றரை முதல் நான்கு இலட்சம் வரை இருக்கும்.

சிவப்பணு ஒரு விந்தையான படைப்பு. இருபுறமும் நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றுள் ஏழரைக் கூறே அதன் குறுக்களவு. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியாக இதைக் கண்டு 1674-இல் விவரித்தார். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. உட்கருவைத் துறந்துவிட்டு, அந்த இடத்தையும் ஹீமோகுளோபின் என்னும் இரும்பு கலந்த புரதத்தால் அது நிரப்பிக்கொள்கிறது. நுரையீரலில் பிராண வாயுவை ஏற்று உடலெங்கும் கொண்டுபோய் இறக்குவதே அதன் பணி. உட்கரு இல்லாமையால் அது தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளவும் இயலாது, தன்னைப்போல் மற்றொன்றைப் பெருக்கவும் இயலாது. ஏறத்தாழ 120 நாள் சுமை சுமந்தபின் மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிந்துபோகிறது.

அழிவதற்கு ஈடாகப் புதியவை பிறக்க வேண்டுமல்லவா? விநாடிக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை உடல் ஆக்கியாக வேண்டும். நான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் உடலில் ஒரு கோடி பிறந்திருக்கும். இவை பிறக்கும் இடம் எது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. எலும்பின் உட்புழையில் இருக்கும் மஜ்ஜை எலும்புக்கு ஊட்டம் தருவது என்றே பழைய மருத்துவர் எண்ணினர். 1868-இல் கோனிக்ஸ்பர்க் நகரில் நாய்மன் என்பவரும் இத்தாலியில் பிட்சோசெரோ என்பவரும் மஜ்ஜையே இரத்த அணுக்களின் பிறப்பிடம் என்பதை வெளிப்படுத்தினர். முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, இடுப்பெலும்பு ஆகியவற்றினுள் இருக்கும் செந்நிற மஜ்ஜையில்தான் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் தோன்றுகின்றன. மூன்றுக்கும் மூலம் ஒரே வகைத் தாயணு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது தேவைப்படும்.

இவ்வளவு பெரிய உற்பத்திக்கு இரண்டு வேண்டும். ஒன்று, ஹீமோகுளோபின் ஆக்குவதற்கு இரும்பு. மற்றொன்று, தாயணு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் ஆற்றல். இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளுத்துப் பிறக்கும். பெருகும் ஆற்றல் குறைந்தாலோ வேறொரு கோளாறு நேரும். அணுவின் உடல் வளர்ந்துகொண்டே போகும். ஆனால் உட்கரு முதிரவும் பிளக்கவும் மாட்டாது தத்தளிக்கும். இத்தகைய பருத்த முதிராத அணுக்களைச் சாயமேற்றிப் பார்த்து, பால் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1880-இல் மெகலோபிளாஸ்ட் என்று பெயரிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை மஜ்ஜையிலேயே மாண்டுபோகும். வெளிவரும் சிலவும் இயல்பை மீறிப் பெருத்திருக்கும். அணு பெரிது, ஆனால் எண்ணிக்கையோ பரிதாபம்!

இந்தப் பெருவணுச் சோகையின் ஒரு வகையை இலண்டனில் தாமஸ் அடிசன் 1849-இலேயே விவரித்திருந்தார். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை, வந்தவர் மாண்டனர். 1926-இல் பாஸ்டனைச் சேர்ந்த மைனட், மர்ஃபி என்ற இருவர், நோயாளிகளுக்கு நாள்தோறும் அரைப் பவுண்டு அளவு கல்லீரலைக் கொடுத்துப் பிழைக்க வைத்த செய்தியை வெளியிட்டனர். உலகமே வியந்தது. நாய்களிடம் ஈரலின் பயனை முன்னமே சோதித்திருந்த விப்பிள் என்பவருடன் இவர்கள் 1934-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விப்பிளின் நாய்கள் இரத்தத்தை இழந்ததால் இரும்பு குறைந்து சோகையுற்றவை; ஈரலிலுள்ள இரும்பே அவற்றைத் தேற்றிற்று. மைனட்டின் நோயாளிகளைத் தேற்றியது ஈரலிலிருந்த முற்றிலும் வேறான ஒரு சத்து. தவறான படியில் கால் வைத்தும் சரியான மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

இந்நிலையில்தான் காட்சி நம் நாட்டுக்கு மாறுகிறது. பம்பாயில் கருவுற்ற பெண்கள் பலர் கடுமையான பெருவணுச் சோகைக்கு ஆளாகி, மகப்பேற்றுக்கு முன்னோ பின்னோ உயிர்விட்டனர். நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடம் இந்நோய் மிகுந்திருந்தது. தாய்மார் இறப்பைப் பற்றிய விசாரணை ஒன்றை இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் மேற்கொண்டிருந்தது. பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக மாறியது அந்த அமைப்பே. அவ்விசாரணையில் ஈடுபட்டிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 1928-இல் பம்பாய் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1888-இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்றுப் பின்னர் மருத்துவம் பயின்று 1920-இல் தேர்ச்சி பெற்றவர்.

அவர் முதலில் செய்தது மருந்து தேடுவதன்று. நோயாளிகள் என்ன உண்கிறார்கள் என்று கேட்பதே. டல்படே என்பவருடன் சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்விடத்தையும் ஆராய்ந்தார். மனோரமா மேத்தா என்பவருடன் சேர்ந்து நோயின் இயல்பை எழுதினார். இவ்விரு ஆய்வுகளும் 1930-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயின. ஏதேனும் கிருமிதான் இச்சோகைக்குக் காரணமோ என்ற ஐயம் அப்போது இருந்தது. அதற்குச் சான்று கிட்டவில்லை. கிட்டிய உண்மை எளியது, கொடியது. அப்பெண்களின் உணவில் கீரையும் காயும் கனியும் பாலும் இல்லை, அல்லது இருந்தும் இல்லாத அளவே. வயிற்றில் வளரும் குழந்தைக்கும் அவ்வுணவிலிருந்தே பங்கு போயிற்று. வறுமையைப் பற்றி நீதி நூலார் சொன்னதை வில்ஸ் அம்மையார் நுண்ணோக்கியின் கீழ்க் கண்டார் என்றே நான் கருதுகிறேன்.

அவ்வுணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கருவுற்ற எலிகள் சோகையுற்று மடிந்தன. ஈஸ்ட் என்னும் நொதிப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது நோய் தடுக்கப்பட்டது. ஆனால் ஆராய்ச்சி என்பது நேர்ச்சாலை அன்று. எலிகளின் சோகையில் ஒரு பகுதி, பேன்களால் பரவும் ஒரு தொற்றின் விளைவு என்று பின்னர்த் தெரியவந்தது. எனவே குரங்குகளை நாட வேண்டியதாயிற்று. 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தம் ஆராய்ச்சியை நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். உணவாராய்ச்சியில் புகழ்பெற்ற மக்காரிசன் பணியாற்றிய இடம் அது. 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில் பணி செய்தார். முக்காடு விலக்காத குலப் பெண்டிருக்கென்று 1885-இல் தோன்றிய அந்த மருத்துவமனை, இன்று அரசினர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாகத் திருவல்லிக்கேணியில் நடந்துவருகிறது.

நோயுற்ற குரங்கு ஒன்றுக்கு எதைக் கொடுத்தும் பயனில்லாதபோது, கடைசி முயற்சியாக மார்மைட் என்ற பண்டத்தைக் கொடுத்தார்கள். மார்மைட் என்பது மது வடிக்கும் ஆலையில் மிஞ்சும் ஈஸ்டைச் சுண்டவைத்து எடுக்கும் கரிய குழம்பு. ஆங்கிலேயர் அதை ரொட்டியில் தடவித் தின்பர். உவர்ப்பும் கடுமணமும் உடையது. எல்லார் நாவுக்கும் பிடிப்பதன்று. குரங்கு பிழைத்தது! பிறகு கருவுற்ற பெண்களுக்குக் கொடுத்தனர். சில நாட்களிலேயே உண்ணும் விருப்பம் திரும்பிற்று, காய்ச்சல் தணிந்தது, இளஞ் சிவப்பணுக்கள் இரத்தத்தில் கூட்டமாகத் தோன்றலாயின. மஜ்ஜை மீண்டும் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. இச்செய்தியை 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். ஈரலோ விலை மிக்கது. நம் நாட்டில் பலர் தொடவும் மாட்டார். மார்மைட்டோ மலிவானது, ஊன் கலவாதது.

ஆனால் மார்மைட்டில் இருந்த அச்சத்துதான் என்ன? அடிசன் கண்ட நோயைத் தீர்ப்பதற்கென்று நன்கு தூய்மை செய்த ஈரல் சாறு அப்போது கிடைத்தது. அதை இப்பெண்களுக்குச் செலுத்தினால் குணம் காணவில்லை. தூய்மை குறைந்த ஈரல் சாற்றையோ மார்மைட்டையோ கொடுத்தால் குணமாயிற்று. ஆகவே இவ்விரு நோயும் பார்வைக்கு ஒன்றாயினும் குறைந்துபோன பொருள்கள் வேறு வேறு என்று 1930-களின் இறுதியில் வில்ஸ் அம்மையார் முடிவு கட்டினார். பெயர் தெரியாத அப்பொருளை மருத்துவ உலகம் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தது.

ஒரே பொருளைப் பலர் பல இடத்தில் தேடிக்கொண்டிருந்தனர். குரங்குகளிடம் ஆராய்ந்தவர் வைட்டமின் எம் என்றனர். கோழிக் குஞ்சுகளிடம் ஆராய்ந்தவர் வைட்டமின் பி.ஸி. என்றனர். பாலில் வளரும் நுண்ணுயிர் ஒன்றைக் கொண்டு ஆராய்ந்தவர் அந்நுண்ணுயிரின் பெயரால் அழைத்தனர். யானையைத் தடவிய குருடர் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? 1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்னும் மூவர் நான்கு டன் பசலைக் கீரையை வடித்துப் பிழிந்து, மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்தனர். இலத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. அதனால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலைச் சத்து என்று நாம் சொல்லலாம். 1943-இல் லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தில் ஸ்டாக்ஸ்டாட் என்பவர் ஈரலிலிருந்து அதைத் தூய படிகமாக எடுத்தார். இனி எஞ்சியது, நான்கு டன் கீரையை நாடாமல் அதைச் சோதனைக் குழாயில் ஆக்குவது. அவ்வேலையை நடத்தியவர் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தேர்வில் தவறிய மாணவர் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இவ்விடத்தில் சிறிது ஆறுதல் கொள்ளலாம். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராலான அறுவை அங்கியை அணிந்ததனால் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாமல் எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதியே பெற்றார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் பலரும் கூறும் செய்தி. அவருடைய உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில், கிராணி என்று நாம் சொல்லும் குடல் நோயால் மாண்டனர். உணவின் சத்தைக் குடல் ஏற்காமையால் உடல் மெலிந்து, இரத்தமும் கெட்டு, பெருவணுச் சோகையில் கொண்டுபோய் விடும் நோய் அது.

1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். வேதியியல் பயிலும் கல்லூரி மாணவர் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இன்றும் படிக்கின்றனர். தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்ததிலும் இவர்களுக்குப் பங்குண்டு. இத்தனை செய்தும் நிலையான பதவி அங்கே அவருக்கு வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லி நிறுவனத்தில் முழுப் பொறுப்பேற்றார். 1945-இல் அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கி வெற்றி கண்டது. டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் உடனே அதைப் பெருவணுச் சோகைக்கும் கிராணிக்கும் கொடுத்துப் பயன் கண்டார். இளமையில் உடன்பிறந்தாரைப் பறித்த நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து அவர் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்தே மருந்து வந்தது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் தரப்படும் டி.இ.ஸி. மாத்திரையும் அதே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சில ஆண்டுகளில் வெளிவந்ததே.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேற்செல்வது முறையன்று. அடிசன் கண்ட சோகைக்கும் ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறிற்று. ஆனால் நரம்புகள் தேறவில்லை. கைகால் மரத்துப்போவதும் நடை தடுமாறுவதும் சிலருக்கு மேலும் முற்றின. அந்நோயில் குறைந்திருந்தது வேறு பொருள் என்பது 1948-இல் வைட்டமின் பி-12 பிரித்தெடுக்கப்பட்டபோது தெளிவாயிற்று. பத்தாண்டு முன்பே இரண்டும் வேறு என்று சொன்ன வில்ஸ் அம்மையாரின் கணிப்பு சரியே. பெருவணுச் சோகைக்கு பி-12 குறைவா என்று பாராமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுக்கலாகாது என்று இன்றும் மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கின்றனர். பி-12 மரக்கறியில் இல்லை. பாலும் ஊனும் முட்டையும் தருவது அது. பாலையும் விலக்கிய உணவினர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

இதுவரை சிவப்பணுவின் பஞ்சத்தைப் பார்த்தோம். இனி வெள்ளணுவின் வெள்ளத்தைப் பார்ப்போம். வெள்ளணுக்கள் உடலின் காவலர். கிருமியை விழுங்குவன சில; கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் சுரப்பன சில. 1845-இல் எடின்பரோவில் பென்னட் என்பவரும் பெர்லினில் ஃபிர்க்கோ என்பவரும், இறந்த நோயாளிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகியிருக்கக் கண்டனர். ஃபிர்க்கோ அதற்கு வெள்ளை இரத்தம் என்ற பொருள்படும் லுக்கேமியா என்னும் பெயரை 1847-இல் இட்டார். இது இரத்தப் புற்று. முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும். மூன்று வகை அணுவும் பிறக்கும் இடம் ஒன்றே என்று முன்னர்ச் சொன்னேனே, அதன் கேடு இங்கே விளங்கும். சிவப்பணுவுக்கு இடமில்லாமற்போகக் குழந்தை வெளுக்கும். தட்டணு குறைய, ஈறிலும் தோலிலும் இரத்தம் கசியும். பயன்படும் வெள்ளணு குறைய, சிறு தொற்றும் கொல்லும். காவற்படை கலகம் செய்தால் நாட்டில் உழவும் நடவாது, காவலும் இராது. குழந்தைகளிடம் தோன்றும் கடுமையான வகை, 1947 வரையில், சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைக் கொண்டுபோயிற்று.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்கூற்று மருத்துவர் இருந்தார். இறந்த குழந்தைகளின் உறுப்புகளை ஆராய்வதே அவர் தொழில். ஃபோலிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் சில, எலிகளின் கட்டிகளைக் கரைத்தன என்று அக்காலத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. அதை நம்பி, சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடம் ஆக்கித் தந்த அப்பொருள்களைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்தார். அவர்களுள் லுக்கேமியாக் குழந்தைகளும் இருந்தனர். அக்குழந்தைகளின் மஜ்ஜையில் அவர் கண்டது எதிர்பார்த்ததற்கு நேர்மாறு: நோய் விரைந்து முன்னேறியிருந்தது. எந்தச் சத்து பம்பாய்ப் பெண்களின் மஜ்ஜையை உயிர்ப்பித்ததோ, அதுவே இங்குப் புற்றணுக்களுக்கும் உரமாயிற்று. அணு எதுவாயினும், பிளந்து பெருக அச்சத்து வேண்டும் அல்லவா?

எண்ணிப் பாருங்கள். உதவ எண்ணிச் செய்தது ஊறாய் முடிந்திருக்கிறது. இத்தகைய முடிவை மறைத்துவிடும் ஆசை மனிதருக்கு இயல்பு. ஃபார்பர் மறைக்கவில்லை, தம் அறிக்கையிலேயே எழுதினார். அதைவிட மேலாக, அத்தோல்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். சத்து நோயை விரைவுபடுத்துமாயின், சத்தைப் பறித்தால் நோய் அடங்காதோ? சத்தைப் பறிப்பது எப்படி? உருவில் ஃபோலிக் அமிலத்தை ஒத்து, செயலில் ஒவ்வாத ஒன்றை அணுவுக்குக் கொடுத்து ஏமாற்ற வேண்டும். பூட்டில் நுழையும், ஆனால் திரும்பாது, வெளியேயும் வராது. அப்படிப்பட்ட சாவி வேண்டும். சுப்பாராவின் கூடத்தில் அத்தகைய பொருள்கள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தன. ஃபோலிக் அமிலத்தின் ஒரு மூலையில் சிறு மாறுதல் செய்து ஆக்கிய அமினோப்டெரின் என்ற பொருள் 1947-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. தமிழில் சொல்வதானால், ஃபோலிக்குக்கு வாய்த்த போலி!

1948 ஜூன் மாதத்தில் ஃபார்பரும் உடனுழைத்தோரும் தம் கட்டுரையை வெளியிட்டனர். 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்திருந்தனர். அவர்களுள் 10 பேரிடம் குணம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது; இரத்தத்தில் புற்றணுக்கள் குறைந்தன; படுக்கையை விட்டு எழாத குழந்தைகள் எழுந்து விளையாடினர். கட்டுரையின் தலைப்பிலேயே தற்காலிகத் தணிவு என்று குறித்திருந்தார். அச்சொல் பொய்க்கவில்லை. சில மாதங்களில் நோய் மீண்டது, அக்குழந்தைகள் பிழைக்கவில்லை. இறக்கப்போகும் குழந்தையை இன்னும் சில மாதம் வருத்துவது எதற்கு என்று அக்காலத்து மருத்துவர் சிலர் குறைகூறினர். அக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. அம்மருந்து வாய்ப்புண்ணையும் குடற்புண்ணையும் உண்டாக்கும் நஞ்சுதான். ஆயினும், மருந்தொன்றுக்கு அந்நோய் பணிந்தது அதுவே முதன்முறை.

பணியும் என்று தெரிந்தபின் அதை விடாமல் துரத்தினர். அமினோப்டெரினைவிடக் கையாள எளிதான மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. 1950-களில் கெர்ட்ரூட் எலியனும் ஹிட்ச்சிங்ஸும் ஆக்கிய மெர்காப்டோபியூரின் சேர்ந்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் அணு மற்றொன்றில் மாட்டும் என்பதால், 1960-களில் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் வகுத்தனர். இன்று வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகை லுக்கேமியா வந்தோருள் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர். அச்சிகிச்சையில் மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் இடம்பெறுகிறது.

சுப்பாராவ் இவற்றைக் காண இருக்கவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், தம் 53-ஆம் வயதில் அமெரிக்காவில் காலமானார். இந்தியாவில் அவருடைய நூற்றாண்டையொட்டி 1995-இல் அஞ்சல் தலை வெளியிட்டனர். லூசி வில்ஸ் 1964 வரை வாழ்ந்தார். பணியோய்வுக்குப் பின்னும் ஜமேக்கா, பீஜித் தீவுகள் முதலிய இடங்களுக்குச் சென்று உணவையும் சோகையையும் ஆராய்ந்தவர். கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கி ஃபோலிக் அமிலம் உண்டால் குழந்தையின் முதுகுத் தண்டுக் குறைபாடு பெருமளவு தடுக்கப்படும் என்பது, 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய சோதனையால் உறுதியாயிற்று. அதை அவர் அறியவில்லை.

அவர் கண்ட சோகை நம்மிடமிருந்து அகலவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையவர். இவர்களுட் பெரும் பங்கினருக்கு இரும்பே முதற்குறை. பி-12 குறைவும், கொக்கிப் புழுவும், பரம்பரையாக வரும் தலசீமியா, அரிவாளணுச் சோகை முதலியனவும் காரணமாவது உண்டு. அவை ஒவ்வொன்றும் தனிப் பேச்சுக்கு உரியவை.

முடிக்குமுன் ஒரு செய்தி. மெத்தோட்ரெக்ஸேட்டை மிகக் குறைந்த அளவில் மூட்டுவாத நோய்க்கும் இக்காலத்தில் தருகின்றனர். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மூட்டு வீங்கி வருந்தும் முதியவர் யாரேனும் அதை உண்டுகொண்டிருக்கலாம். அவரது மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாளைக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்றும், வேறொரு நாளைக்கு ஃபோலிக் அமிலம் என்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். முன்னது பின்னதன் பகை. முன்னதால் வாயிலும் வயிற்றிலும் நேரும் ஊறு மிகாதிருக்கவே பின்னது. நாள் மாறிப்போனால் மருந்தின் கணக்குத் தவறும். முதியவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால், அட்டையைப் படித்து இன்றைக்கு எது என்று எடுத்துக் கொடுக்கும் வேலை வீட்டிலுள்ள மாணவனுடையதாகவே இருக்கும்.